லாரிக்குத் தைத்த தாழ்வாரம்

தூத்துக்குடி,
ஆனி மாதம், புதன்கிழமை காலை.

அன்பு மகள் அனுசியாவுக்கு அப்பா லிங்கராஜ் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தையல் மிஷினும் சுகம். மூவரில் எண்ணெய் போட்டால் சத்தம் குறைவது மிஷின் ஒன்றுதான். டப்ளினில் நீயும் உன் கம்பளிச் சட்டையும் சுகமாக இருக்க வேண்டும் என்று செந்தூர் முருகனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். சேதிக்குப் போகுமுன் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதம் நகராது. போன மாதக் கடைசியில் நீ என்னை வீடியோ காலில் உட்காரவைத்து, உன் கம்பெனிப் பெரிய ஆட்கள் முன்னால் பேசப்போவதை முழுசாகப் பேசிக்காட்டினாயே, முடிந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டாய், நானும் பிரமாதம் மக்கா, பின்னிட்டே என்று சொன்னேன். எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. தார்ப்பாய்க்குப் பசை தடவிய கையோடு போனை எடுத்ததில் எதையோ அமுக்கிவிட்டேன் போல, ஆரம்பத்திலிருந்தே சத்தம் வரவில்லை. கடைசியில் நீ கேட்டது எப்படி இருந்தது என்பதுதானா என்றுகூட எனக்குத் தெரியாது, வாய் போன போக்கை வைத்துச் சொன்னேன். நடுவில் நிறுத்திச் சொல்லலாம் என்றால் நீ கையை ஆட்டி ஆட்டி அவ்வளவு ஜோராகப் போய்க்கொண்டிருந்தாய், நிறுத்த மனசு வரவில்லை. நீ மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் தலையை ஆட்டினேன், நீ சிரித்தபோது சிரித்தேன், நீ புருவத்தைச் சுருக்கியபோது நானும் அப்படியா சங்கதி என்று சுருக்கிவைத்தேன். உன் அம்மா பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "நான் பேசும்போதும் இப்படித்தான ஆட்டுதிய, அப்பமும் சத்தம் வராதோ?" என்று கேட்டாள். அதற்கும் தலையைத்தான் ஆட்டினேன்.

அப்புறம் நல்லவேளையாக நீயே அதைப் பதிவு செய்த வீடியோவை அனுப்பிவைத்தாய். அதைத் தைக்கிற மேஜைமேல் சாத்திவைத்து, மிஷினை நிறுத்தி, போட்டுப் போட்டுக் கேட்டேன். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ், நான் படித்த அஞ்சாம் கிளாசுக்குப் பாதிதான் எட்டியது. ஆனால் அந்தப் பாதியே என்னை அடித்துப்போட்டது மக்கா. ஒரு பொருளைச் செய்துமுடித்துவிட்டு நல்லா இருக்கா என்று கேட்காதே, கேட்டால் முகத்துக்காக எல்லாரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள், அதற்குப் பதில் அவர்கள் இருக்கிற இடத்துக்குப் போய் என்ன செய்கிறார்கள் என்று சும்மா பார் என்று ஒரு இடத்தில் சொன்னாய் பார், அப்போது நான் தலையைத் தூக்கிக் கடை உத்தரத்தைப் பார்த்தேன். ஏனென்றால் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது என் மானம்.

உனக்கு இது தெரியாது, தெரிந்தால் சிரிப்பாய் என்று அம்மாவின் வாயைக் கட்டிவைத்திருந்தேன். துறைமுக வாசலுக்கு வெளியே ரோட்டோரமாக லாரிகள் வரிசையில் கிடக்குமே, சரக்கு இறக்க முறை வருகிறவரை டிரைவர்கள் வெயிலுக்குப் பயந்து லாரிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். பங்குனி வெயிலில் அந்த வழியாக வந்தபோது எனக்கு ஒரு யோசனை உதித்தது. லாரியின் பக்கவாட்டில் கொக்கி போட்டு மாட்டி, ரெண்டு கம்பை நட்டு, கயிறு இழுத்துக் கட்டினால் வீட்டு முன்னால் தாழ்வாரம் இறக்கின மாதிரி நிழல். லாரித் தார்ப்பாயும் உப்பு அம்பாரம் மூடுகிற பாயும் தைத்துத் தைத்து அலுத்த கைக்கு அது திருவிழா மாதிரி இருந்தது. நீலத்தில் மஞ்சள் கரை வைத்தேன், போன் வைக்க ஒரு பை, தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு பை, சுற்றிலும் ஜாலர். ஒன்று தைத்துப் பார்த்து நிறுத்தியிருந்தால் மனுஷன். நான் கடை உத்தரம் நிறையத் தைத்துத் தொங்கவிட்டேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, "இதை வாங்குதவன் யாருன்னு பாத்தாச்சா, இல்ல, அவனையும் நீங்களே தச்சிருவியளா?" என்று கேட்டாள். வருகிற போகிற டிரைவர்களெல்லாம் தொட்டுப் பார்த்துச் சூப்பர் அண்ணாச்சி என்றார்கள். சாத்தான்குளத்துச் சுடலைராஜ், நம்மிடம் வழக்கமாகத் தார்ப்பாய் ஒட்டுப்போட வருகிற டிரைவர், "அண்ணாச்சி, இதை மாட்டுனா அது லாரி இல்ல, பங்களா" என்றான். சொல்லிவிட்டு ஒட்டுப்போட்ட பாயை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். ஒருத்தர் விடாமல் பாராட்டினார்கள், ஒருத்தரும் வாங்கவில்லை. நானும் ராத்திரி சோற்றுக்கு உட்காரும்போது இன்றைக்கு இன்னார் பாராட்டினார் என்று உன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் பாராட்டைக் கொண்டு ரசத்துக்குத் தாளிக்க முடியுமா என்று கேட்டாள்.

உன் வீடியோவைக் கேட்ட மறுநாள் சுடலைராஜைப் பிடித்து, ஏலே, இன்னைக்கு உன் லாரியில நானும் வாரேன், சும்மா உக்காந்திருப்பேன், ஒண்ணும் கேக்க மாட்டேன் என்று ஏறிவிட்டேன். ஒரு தாழ்வாரத்தையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். வரிசையில் நின்றதும் மாட்டினோம். கொக்கி, கம்பு, கயிறு எல்லாம் கட்டி, துண்டை விரித்து, ரெண்டு பேரும் மல்லாந்து படுத்து, மஞ்சள் கரையைப் பார்த்து நான் ஒரு பெருமூச்சு விட்டேன், முன்னால் நின்ற லாரி நகர்ந்துவிட்டது. அந்த வரிசை அப்படித்தான் மக்கா, வெகுநேரம் அசையாது, அப்புறம் ஒரு லாரி நீளம் நகரும், அந்த இடத்தை உடனே பிடிக்காவிட்டால் வேறொருத்தன் மூக்கை நுழைத்துவிடுவான். சுடலைராஜ் கயிற்றை அவிழ்க்கிறான், நான் கம்பைப் பிடுங்குகிறேன், பின்னால் நிற்கிறவன் ஹாரனை அமுக்கிக்கொண்டே தலையை வெளியே நீட்டி, "ஏலே, வீட்டைக் காலி பண்ணிட்டு வாரியா, இல்ல நான் வாடகைக்கு ஆள் பாக்கட்டா?" என்று கத்துகிறான். அதற்குள் ஒரு டிரெய்லர் எங்களுக்கு முன்னால் புகுந்துவிட்டது. சுடலைராஜ் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. "அண்ணாச்சி, மனசுல ஒண்ணும் வச்சுக்காதிய, உங்க பொருள் அருமையான பொருள், எங்களுக்குத்தான் குடுத்து வைக்கல" என்றான். லாரிக்கு அடியில் படுத்தால் உருண்டு எழுந்து ஓடலாம், தாழ்வாரம் கட்டினால் குடித்தனத்தையே கிளப்ப வேண்டும். இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்பாய். நான் அந்த ரோட்டில் எப்போதும் ஸ்கூட்டரில் போகிறவன், நிற்கிற லாரியைத்தான் பார்த்திருக்கிறேன், நகர்கிற வரிசையைப் பார்த்ததில்லை.

ஆனாலும் நீ சும்மா பார் என்று சொன்னாயே என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் விக்டோரியா வந்தாள். ஆலந்தலையிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள், ஸ்கூட்டர் பின்னால் சோற்றுப் பானையும் மீன் குழம்பு வாளியும் கட்டிக்கொண்டு வரிசை நெடுக விற்பாள். ஒரு லாரி விட்டு ஒரு லாரிக்கு வண்டியை நிறுத்துவாள், தலையில் ஈரத்துண்டு, கண்ணில் வேர்வை, தட்டை வாங்கிய டிரைவர்கள் அந்த ஸ்கூட்டர் நிழலில் தலையை மட்டும் ஒளித்துக்கொண்டு உடம்பை வெயிலில் விட்டுச் சாப்பிடுவார்கள். வரிசை நகர்ந்தால் அவளும் நகர்வாள், ஆனால் அவள் யாரோடும் போட்டிபோட்டு இடம் பிடிக்க வேண்டியதில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்ன அண்ணாச்சி, என் வாளியையே பாக்கிய, குழம்பு வேணுமா, வாளி வேணுமா என்றாள். இந்தத் தாழ்வாரத்தை உன் ஸ்கூட்டருக்குக் கட்டினால் என்ன என்று கேட்டேன். அவள் அதை விரித்துப் பார்த்து, "ஜாலரெல்லாம் எதுக்கு அண்ணாச்சி, சோறு விக்கதா, சப்பரம் எடுக்கதா?" என்றாள். சுடலைராஜ் சிரித்த சிரிப்பு துறைமுகத்துக்குள் நின்ற கப்பலுக்குக் கேட்டிருக்கும்.

அடுத்ததும் உன் வழிதான். முதலில் மட்டமாக ஒன்று செய்து ஒரே ஒருத்தர் கையில் கொடு என்று சொல்லியிருந்தாய். நல்ல துணியைத் தொடவில்லை. நம் தெரு முக்கில் கிழிந்து தொங்கிய கல்யாண ஃபிளெக்ஸ் பேனரை அவிழ்த்துவந்து, ஒரே கம்பில் விரித்துச் சுருட்டுகிற மாதிரி ஒட்டி, அவள் ஸ்கூட்டரில் மாட்டிக் கொடுத்தேன். மாப்பிள்ளைப் பையன் தலைகீழாகச் சிரித்துக்கொண்டு ஒரு வாரம் வரிசைக்கு நிழல் கொடுத்தான். தினமும் விக்டோரியா கடை வாசலில் வண்டியை நிறுத்தி என்னைத் திட்டிவிட்டுப் போவாள். லாரிக் கண்ணாடியில் இடிக்குது, தாழ்த்துங்க என்பாள். தாழ்த்தினால் குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போச்சு, உசத்துங்க என்பாள். உனக்கு வருகிற புகாரெல்லாம் இப்படித்தான் இருக்குமா? எனக்கு அந்தத் திட்டு பாராட்டைவிட ருசியாக இருந்தது, ஏனென்றால் திட்டுகிறவள் தினமும் அதைக் கட்டிக்கொண்டுதான் வந்தாள். அப்புறம் தொங்கிக்கொண்டிருந்ததில் ஒன்றை இறக்கி அவள் அளவுக்கு வெட்டினேன். போன் பை போயிற்று, பாட்டில் பை போயிற்று. ஜாலரை வெட்டும்போது மட்டும் அம்மாவை அடுப்படிக்கு அனுப்பிவிட்டேன். அவள் அங்கிருந்தே, "அழுது முடிச்சதும் சொல்லுங்க, காப்பி கொண்டுவாரேன்" என்றாள். அதைப் பார்த்துவிட்டு இப்போது இளநீர் வண்டிக்காரர் ஒருத்தர் கேட்டிருக்கிறார், பனியன் விற்கிற ஒருத்தர் விசாரித்துவிட்டுப் போனார். பெரிய வியாபாரம் ஒன்றுமில்லை, உத்தரம் இன்னும் நிறைந்துதான் இருக்கிறது, ஆனால் தலையை நிமிர்த்திப் பார்க்க முடிகிறது. இன்றைக்கு விக்டோரியாவுக்கே இன்னும் அகலமாக ஒன்று தைத்து வைத்திருக்கிறேன், மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குப் போய் மாட்ட வேண்டும். இந்த மாதத்துக் கச்சான் காத்துக்கு நிக்குமா அண்ணாச்சி என்று நேற்று கேட்டாள். கல் மாதிரி நிக்கும் என்று சொல்லியிருக்கிறேன்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன், அதற்காகத்தான் இவ்வளவு சுற்றினேன். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், நான் உன் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வந்ததை விட்டுவிட்டுச் சாப்பிட்டியா என்று கேட்டுவிடுவேன். அன்றைக்குச் சத்தமில்லாமல் உன்னைப் பார்த்தேன் இல்லையா, காதுக்கு வேலை இல்லாததால் கண் நன்றாக வேலை செய்தது. எல்லாம் ஜோராகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் ஓர் இடத்தில் உன் கை தானாக எழும்பிப் போய் இடது காது மடலைப் பிடித்து இழுத்தது. எனக்குத் திக்கென்றது. சின்ன வயசில் பால் குடிச்சாச்சா என்று கேட்டால் குடிச்சிட்டேன்ப்பா என்று சொல்லும்போது அந்தக் காதைத்தான் இழுப்பாய். பால் கனகாம்பரச் செடிக்குப் போயிருக்கும். அந்தச் செடி தெருவிலேயே கொழுத்து வளர்ந்தது. நீ என்ன சொல்லும்போது இழுத்தாய் என்று அன்றைக்குத் தெரியவில்லை, வீடியோ வந்ததும் முதலில் அந்த இடத்தைத்தான் தேடினேன். மூணு லட்சம் பேர் எங்கள் ஆப்பைப் போனில் இறக்கியிருக்கிறார்கள் என்று சொல்கிறாய். அது பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு ரெண்டு நாள் முன்னால் அம்மாவிடம் நீ அழுதது எனக்கு வந்துசேர்ந்துவிட்டது. மாத்திரையை நேரத்துக்கு நினைவுபடுத்துகிற ஆப், ரெண்டு வருசம் நீ ராப்பகலாக உழைத்தது, எல்லாரும் ஆசையாக இறக்குகிறார்கள், கொஞ்ச நாளில் மணியை அணைத்துவிடுகிறார்கள், பிறகு திறப்பதே இல்லை, இதை அந்தப் பெரிய ஆட்களிடம் சொன்னால் ஆப்பையே மூடிவிடுவார்கள், அதே கூட்டத்தில் முடிவாகப் போகிற தலைமைப் பதவியும் போய்விடும் என்று சொன்னாயாம். அதனால்தான் உன் பேச்சில் இறக்கியவர்கள் கணக்கு மட்டும் பெரிசாக வருகிறது, திறக்காதவர்கள் கணக்கு வரவே இல்லை.

ஏளா அனுசியா, மூணு லட்சம் பேர் இறக்கினார்கள் என்பதும் வருகிறவன் போகிறவனெல்லாம் சூப்பர் அண்ணாச்சி என்றான் என்பதும் ஒரே ரகம்தான், ரெண்டையும் கொண்டு ரசத்துக்குத் தாளிக்க முடியாது. அப்பா பேச்சைக் கேட்டு உண்மையைச் சொல், ஒன்றும் ஆகாது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் ஆகலாம். பதவி போகலாம், அந்த ஊரில் எனக்கு யாரைத் தெரியும், நான் எப்படிப் பொறுப்பேற்க முடியும்? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். உத்தரத்தில் தொங்குகிறதைப் பார்த்துக்கொண்டே பாராட்டை எண்ணிக்கொண்டிருந்தவரை எனக்குச் சோறு இறங்கவில்லை. லாரிக்காரனுக்கு இது ஆகாது என்று நானே ஒப்புக்கொண்ட அன்றைக்குத்தான் விக்டோரியா கண்ணில் பட்டாள். அவள் அதற்கு முன்னாலும் தினமும் அதே வரிசையில்தான் போய்க்கொண்டிருந்தாள். நீ அந்த மேடையில் கணக்கை மறைத்துப் பதவியை வாங்கிவிட்டால், அப்புறம் ஒவ்வொரு மாதமும் அதே கணக்கை மறைக்க வேண்டும், உன் காது நீளமாகிவிடும், தோடு மாட்ட இடம் இருக்காது.

இன்னொன்று. இதைச் சொல்லக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறாள், ஆகையால் மெதுவாகச் சொல்கிறேன். அந்த மூணு லட்சத்தில் அவளும் ஒருத்தி, மணியை அணைத்தவர்களிலும் அவள் ஒருத்தி. நீ போட்டுக்கொடுத்த ஆப் முதல் வாரம் நன்றாக அடித்தது. ஒருநாள் கோயிலில் தீபாராதனை நேரத்தில் பிரஷர் மாத்திரை சாப்பிட்டீர்களா என்று சத்தமாகக் கேட்டுவிட்டது. பக்கத்தில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்து, வடிவம்மாளுக்குப் பிரஷராமே என்று ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். வீட்டில் மாத்திரையைப் போட்ட பிறகும் போட்டீர்களா, போட்டீர்களா என்று மாமியார் மாதிரி கேட்டதாம். அதன் கழுத்தை நெரித்துவிட்டேன் என்கிறாள். ஆனால் மாத்திரை ஒருநாளும் தவறுவதில்லை, ஏனென்றால் அதைக் காப்பித் தூள் டப்பாவுக்குள் சின்ன டப்பியில் வைத்திருக்கிறாள், காப்பி போடாமல் அவளுக்கு விடியாது. நீ போனில் ஆப் எப்படிம்மா இருக்கு என்று கேட்கிறபோதெல்லாம் சூப்பர் மக்ளே என்கிறாள். நீதான் பெரிய இடத்துப் புராடக்ட் மேனேஜர், கேட்காதே, போய்ப் பார் என்று ஊருக்கே சொல்கிறவள், பெற்ற தாயிடம் கேட்டுவிட்டு நம்பிவிட்டாய். அந்தக் கூட்டத்தில் முதல் வார்த்தையாக இதையே சொல்லிப் பாரேன். என் அம்மாவே அணைத்துவிட்டாள், ஏன் என்று எனக்கு இப்போது தெரியும், இன்னும் சில வீட்டு அடுப்படியில் போய் உட்கார எனக்குக் கொஞ்ச நாள் கொடுங்கள் என்று கேள். கொடுத்தால் சரி. கொடுக்காவிட்டால் காது இழுக்காமல் வீட்டுக்கு வந்து தூங்கு.

ரெனிஷ் சனிக்கிழமை விமானம் ஏறுகிறான், ஞாயிறு உன் வீட்டுக்கு வந்துவிடுவான், நம் ஜெயசெல்வி டீச்சர் மகன்தான், உனக்குப் பள்ளிக்கூடத்தில் ரெண்டு வகுப்பு கீழே படித்தவன். அவன் கையில் இந்தக் கடிதத்தோடு மக்ரூனும் கருப்பட்டி மிட்டாயும் நெத்திலிக் கருவாடும் கொடுத்துவிடுகிறோம். கருவாட்டை ஏழு சுற்றுச் சுற்றியிருக்கிறாள் அம்மா, அப்படியும் விமானத்தில் யாராவது மூக்கைச் சுளித்தால் அவன் தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட வேண்டும் என்று பழக்கியிருக்கிறோம். கூட்டத்துக்குப் போகிற அன்று காலை வெறும் வயிற்றோடு போகாதே, பசி வந்தால் உனக்குப் பயமும் வரும், ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தலையைக் காயவைத்துவிட்டு வெளியே போ. பேசும்போது இடது கையில் ஏதாவது பேனாவைப் பிடித்துக்கொள், காதுக்குப் போகாது. பதவி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அன்றைக்கு ராத்திரியே போன் பண்ணு, இந்தத் தடவை சத்தம் வருகிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் தலையை ஆட்டுவேன்.

செந்தூரான் உனக்குத் துணை நிற்கட்டும், நீ தொடுகிற வேலை தழைக்கட்டும், தழைக்காததைத் தைரியமாக வெட்டிவிட்டு வேறு நடவும் உனக்குக் கை வரட்டும் என்று நானும் அம்மாவும் மனசார வாழ்த்துகிறோம். கருவாடு வைத்த எவர்சில்வர் தூக்கை ரெனிஷ் திரும்பி வரும்போது மறக்காமல் கொடுத்தனுப்பு, அது அம்மாவின் சீர்த் தூக்கு, உன்னைவிட மூத்தது.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
அ. லிங்கராஜ்,
தார்ப்பாய் தைக்கும் கடை.

பின்குறிப்பு, சாயங்காலம் எழுதுவது. உனக்கு மறைக்காதே என்று எழுதிவிட்டு நான் மறைத்தால் சரியில்லை என்று, ஒட்டிய உறையை அம்மா பிரித்துக் கொடுத்துவிட்டாள். நேற்று விக்டோரியாவிடம் கல் மாதிரி நிற்கும் என்று சொன்னபோது என் கை என் இடது காதில் இருந்ததாம், அம்மா பார்த்தாளாம். மத்தியானம் புதுத் தாழ்வாரத்தை மாட்டினோம். டிரைவர்கள் தட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். மேற்கேயிருந்து கச்சான் காற்று வந்தது. தாழ்வாரம் எழும்பியது, ஸ்கூட்டர் அதன் பின்னால் போயிற்று, ரெண்டும் ரோட்டை விட்டு இறங்கி உப்பளத்துப் பாத்தியில் போய் நின்றன. யாருக்கும் அடி இல்லை. வாளி கிடைத்துவிட்டது. குழம்பு பாத்தியில் இருக்கிறது. சுடலைராஜ் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, உப்பு கொஞ்சம் கூடுதல் என்றான்.